ஒரே மூச்சில் படித்தவருக்குப் பத்துப் பக்கம் தாண்டாமல் போவது ஏன்?

கேள்வி இதுதான்: "எனக்கு வயது 46. இருபதுகளில் ஐந்நூறு பக்க நாவலை இரண்டே நாளில் முடித்துவிடுவேன். இப்போது எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. கை தானாகப் போனைத் தேடுகிறது. மூளை மழுங்கிவிட்டதா? திரும்ப ஆரம்பிக்க வேண்டுமென்றால் காகிதமா, மின்னூலா, ஆடியோவா?"

மூளை மழுங்கவில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நான் பல வருடமாகப் பெரியவர்களுக்கான வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்துகிறேன். புதிதாகச் சேர வருகிறவர்கள் பெரும்பாலும் "முன்னெல்லாம் நிறையப் படிப்பேன் சார்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடும், நெருங்கிய சொந்தம் ஒருவரைப் பல வருடம் போய்ப் பார்க்காமல் இருந்துவிட்ட மாதிரி. உங்கள் கேள்வியிலும் அது தெரிகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போனைத் திட்டுவதற்கு முன்னால் கண்ணைக் கவனியுங்கள். நான் எல்லாரிடமும் முதலில் கேட்பது இதைத்தான். நாற்பதைத் தாண்டியதும் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நெகிழ்வு குறைந்து, கிட்டத்தில் இருப்பதைக் குவித்துப் பார்ப்பது சிரமமாகிறது. வெள்ளெழுத்து என்று பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே பெயர் உள்ள சங்கதிதான். ஆனால் இப்போது அது வந்திருப்பதே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. காரணம், போனில் எழுத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொள்ளலாம். வெளிச்சமும் திரையிலிருந்தே வந்துவிடுகிறது. அச்சுப் புத்தகத்தில் அந்த வசதி இல்லை. ஆகவே போன் சுலபமாகவும் புத்தகம் பாரமாகவும் தெரிகிறது. "ஆர்வம் போய்விட்டது" என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம்.

கணக்கு வேலை பார்க்கும் ஒரு அம்மா எங்கள் வட்டத்துக்கு வந்தார். "மனசு ஒட்டவே மாட்டேங்குது சார். நாலு வரி படிச்சா தூக்கம் வருது" என்றார். அவர் படிப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தை மடியிலிருந்து தூக்கினார். கையை நீட்டினார். விளக்கு இருந்த பக்கமாக லேசாகச் சாய்த்தார். நெற்றியைச் சுருக்கினார். கை கடுத்ததும் மறுபடி மடியில் இறக்கினார். ஒரு பக்கத்துக்குள் இது மூன்று முறை நடந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். மாட்டிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தவர், "அட, எழுத்து இவ்வளவு கறுப்பா!" என்றார். அன்றைக்கு அந்த அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். உங்கள் வயதில் இன்னும் கண் பரிசோதனை செய்யவில்லை என்றால் அதைச் செய்துவிட்டு வாருங்கள், இந்தப் பதிலின் மீதியை அப்புறம்கூடப் படிக்கலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் மட்டுமல்லாமல் எதிலுமே மனம் நிற்கவில்லை, பிடித்த எதுவும் பிடிக்கவில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, இது வாரக்கணக்கில் நீடிக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். கவனம் செலுத்த முடியாமல் போவது மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. பெரிய இழப்புக்குப் பிறகு மாதக்கணக்கில் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியாமல் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் "தினமும் இருபது நிமிடம் படியுங்கள்" என்று சொல்வது கொடுமை.

சரி, கண்ணும் மனசும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் என்ன ஆயிற்று?

படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. பிரெஞ்சுக் கண் மருத்துவர் லூயி எமில் ஜாவால் 1870களின் கடைசியிலேயே இதைக் கவனித்து எழுதினார். கண் ஓரிடத்தில் சுமார் கால் நொடி நிற்கும்; அப்புறம் ஒரு தாவல். ஆங்கிலத்தில் ஒரு தாவல் சராசரியாக ஏழு முதல் ஒன்பது எழுத்து. பத்துத் தாவலில் ஒன்றாவது பின்னோக்கி இருக்கும். 'அவன்' என்றது யாரை, முந்தின வரியில் சொன்னது இதோடு ஒட்டுகிறதா என்று அந்தப் பின்தாவலில்தான் சரிபார்த்துக்கொள்கிறோம். கதைக்குள் மூழ்கிப்போய்விட்டேன் என்று சொல்கிறோமே, அப்போதும் கண் இப்படித்தான் நின்று, தாவி, திரும்பிப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது.

திரையில் அதே கண் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. 2006இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சனின் குழு, 232 பேர் இணையப் பக்கங்களைப் பார்க்கும்போது கண் எங்கெங்கே போகிறது என்று பதிவு செய்தது. மேலே நீளமாக ஒரு ஓட்டம், சற்றுக் கீழே அதைவிடக் குட்டையாக ஒன்று, அப்புறம் இடது ஓரமாகவே கீழே ஒரே இறக்கம். ஆங்கில 'எஃப்' எழுத்தின் வடிவம். நம்மிடம் இதற்குப் பழைய பெயரே இருக்கிறது: நுனிப்புல் மேய்தல். இதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. ஒரு நாளில் வந்து விழும் மின்னஞ்சல், வாட்ஸ்அப் தகவல், செய்தி அத்தனையையும் வரி வரியாகப் படித்தால் எந்த வேலையும் ஓடாது. மேயத் தெரிந்தவர்தான் இன்று தப்பிக்கிறார். பகல் முழுக்க மேய்ந்த அதே கண்ணை இரவில் நாவலுக்கும் கூட்டிக்கொண்டு வருகிறோம், சிக்கல் அங்கேதான். புத்தகம் மாறியது கண்ணுக்குத் தெரியாது. அது பத்தியின் முதல் நாலு சொல்லைத் தொட்டுவிட்டு அடுத்த பத்திக்கு இறங்கிவிடுகிறது.

இதை என்னிடமே சோதித்துப் பார்த்திருக்கிறேன். பிடித்த ஆசிரியரின் நாவலில் ஒரு பக்கத்தை வழக்கம்போலப் படித்து, புத்தகத்தை மூடி, நினைவில் நின்றதை ஒரு தாளில் எழுதினேன். மழை, பூட்டிய கதவு, ஒரு அக்கா. அவ்வளவுதான் வந்தது. திரும்பத் திறந்து, வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன். அந்த அக்கா கதவைத் தட்டவே இல்லை. தட்டக் கையைத் தூக்கிவிட்டுக் கீழே போட்டுவிடுகிறாள். அந்தப் பக்கத்தின் உயிரே அதில்தான் இருந்தது. முதல் தடவை அந்த வரியை என் கண் தாண்டிப் போயிருக்கிறது. இப்படிப் படித்துக்கொண்டே போனால் பத்தாவது பக்கத்தில் புத்தகம் சலிக்காமல் என்ன செய்யும்? சலிப்பு ஏற்படுவதற்கான எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டு, புத்தகத்தையோ மூளையையோ குறை சொல்கிறோம்.

வாசிக்கும் மூளையை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட மேரியான் உல்ஃபுக்கும் இதே கதி வந்தது. இளம் வயதில் தனக்கு மிகவும் பிடித்திருந்த, ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவல் ஒன்றைத் திரும்ப எடுத்தபோது அவரால் படிக்க முடியவில்லை. அடர்த்தியாக, தேவையில்லாமல் சிக்கலாக, நகராததாகத் தெரிந்தது. தினமும் சிறிது நேரம் என்று சுமார் இரண்டு வாரம் விடாமல் உட்கார்ந்த பிறகுதான் கண் பழைய நிதானத்துக்கு வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். எனக்குப் பெரிய ஆறுதல் தந்த செய்தி இது. போனது திரும்பி வருகிறது. அதுவும் வருடக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

கை தானாகப் போனைத் தேடுகிறது என்றீர்கள். கணினி முன்னால் வேலை செய்கிறவர்களை நீண்ட காலமாகக் கவனித்துவரும் ஆய்வாளர் குளோரியா மார்க், 2004இல் ஒருவர் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றார் என்று கணக்கிட்டார். 2012இல் அது 75 நொடி. அதற்குப் பிந்தைய ஆய்வுகளில் சுமார் 47 நொடி. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு "மனிதனுக்கு இப்போது 47 நொடிதான் கவனம்" என்று எழுதுகிறார்கள், அது தப்பு. 47 நொடிக்கு ஒருமுறை மாறுகிறோம் என்பதுதான் அளவீடு. அதற்கு மேல் முடியாது என்று யாரும் அளந்து சொல்லவில்லை. அவர் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: குறுக்கீடுகளில் ஏறக்குறைய பாதி வெளியிலிருந்து வரவில்லை. மணி அடிக்காமலேயே நாமே எழுந்து போகிறோம். அதனால்தான் நோட்டிஃபிகேஷனை அணைத்துவைத்தால் மட்டும் போதவில்லை.

நீங்கள் தனி ஆள் இல்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அன்றாட நேரக் குறிப்புகளை வைத்து 2025இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு நாளில் தன் விருப்பத்துக்காக எதையாவது படித்தவர்கள் 2004இல் 28 சதவீதமாக இருந்து 2023இல் 16 சதவீதமாகக் குறைந்துவிட்டதாகச் சொல்கிறது. பிரிட்டனில் 2024இல் நடந்த கணக்கெடுப்பில், வழக்கமாகப் படிக்கிறேன் என்றவர்கள் சரிபாதி. 2015இல் 58 சதவீதம். 35 சதவீதம் பேர் முன்பு படித்து இப்போது விட்டவர்கள், அதாவது உங்கள் கட்சி. ஆனால் அந்த அமெரிக்க ஆய்விலேயே இன்னொரு எண் உண்டு: படிக்கிறவர்கள் படிக்கும் நேரம் குறையவில்லை, ஒரு மணி 23 நிமிடத்திலிருந்து ஒரு மணி 37 நிமிடமாகக் கொஞ்சம் கூடவே செய்திருக்கிறது. ஆழமாகப் படிக்கிறவர்கள் அப்படியே இருக்கிறார்கள். இருக்கிற நேரத்தில் நாலு பக்கம் புரட்டிக்கொண்டிருந்த நடுவாந்திர வாசகர்தான் கழன்றுகொண்டிருக்கிறார் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அவருடைய அந்தத் துண்டு நேரங்களைத்தான் போன் எடுத்துக்கொண்டது. வரிசையில் நிற்கும் பத்து நிமிடம், யாருக்காகவோ காத்திருக்கும் கால் மணி.

வாசிக்கும் விதம் மாறுவது இது முதல் தடவையும் இல்லை. நாலாம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயர் அம்புரோஸ் உதடு அசையாமல் கண்ணால் மட்டும் படித்ததைப் பார்த்து கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் வியந்து எழுதிவைத்திருக்கிறார். வாய்விட்டுப் படிப்பது அப்போது அவ்வளவு சகஜம். மௌன வாசிப்பு நமக்கு இயல்பாகிவிட்டதுபோல இன்றைய மேய்ச்சலும் ஒரு நாள் இயல்பாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மௌன வாசிப்பில் மனசுக்குப் புதிதாக ஒரு இடம் கிடைத்தது. மேய்ச்சலில் இருந்த இடம் சுருங்குகிறது.

இனி காகிதமா, மின்னூலா, ஆடியோவா என்ற கேள்வி. காகிதத்தையும் திரையையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. மொத்தம் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல். காகிதத்தில் படித்தவர்களுக்குப் புரிதல் சற்றுக் கூடுதல். தகவல் நிறைந்த எழுத்திலும், நேர நெருக்கடியில் படிக்கும்போதும் இந்த வித்தியாசம் தெரிந்தது. கதை மட்டும் படித்தபோது வித்தியாசம் இல்லை. திரையில் படிக்கிறவர்களுக்குத் தங்கள் புரிதலைப் பற்றிய நம்பிக்கை மிகையாக இருப்பதையும் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன: புரியாமலே புரிந்துவிட்டதாக நினைத்து வேகமாகப் போய்விடுகிறார்கள். நார்வே ஆய்வாளர் ஆன் மாங்கனும் சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் ஐம்பது பேர் ஒரே நீண்ட கதையைப் படித்தார்கள், பாதிப் பேர் அச்சில், பாதிப் பேர் கிண்டில் என்ற மின்னூல் கருவியில். பெரும்பாலானவற்றில் இருவருக்கும் ஒரே அளவு புரிதல். எந்த நிகழ்ச்சி முதலில், எது பிறகு என்பதை அடுக்கிச் சொல்வதில் மட்டும் அச்சில் படித்தவர்கள் முந்தினார்கள். இடது கையில் எவ்வளவு கனம் சேர்ந்திருக்கிறது, வலது கையில் எவ்வளவு மிச்சம் என்று புத்தகம் கைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறதல்லவா, அது உதவுகிறது போலும்.

ஆகவே உங்கள் நிலைமைக்கு என் யோசனை: ஆரம்பத்தில் காகிதம். வெள்ளெழுத்து தொந்தரவு என்றால், எழுத்தைப் பெரிதாக்கும் வசதிக்காக, படிப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யத் தெரியாத மின்னூல் கருவி. போனில் மட்டும் வேண்டாம், குறைந்தது முதல் இரண்டு மாதத்துக்கு. எழுத்து அதே எழுத்துதான். ஆனால் உங்கள் கட்டைவிரலுக்கு அந்தக் கண்ணாடித் தகட்டின் மேல் ஒரே ஒரு பழக்கம்தான் தெரியும்.

ஆடியோவை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2016இல் வந்த ஒரு ஆய்வில் ஒரே புத்தகத்தின் பகுதிகளைச் சிலர் கேட்டார்கள், சிலர் படித்தார்கள், சிலர் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். உடனே கேட்ட கேள்விகளிலும் இரண்டு வாரம் கழித்துக் கேட்ட கேள்விகளிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. வேலைப் பளுவில் இருப்பவர்களுக்கு, பார்வை மங்கியவர்களுக்கு அது வரம். ஆனால் உங்களுக்குத் திரும்ப வேண்டியது கண்ணின் நிதானம். காதில் கேட்கும்போது பின்தாவல் இல்லை. மனம் அலைந்துவிட்டால் குரல் உங்களுக்காக நிற்காது. கதையும் வாழ்க்கை வரலாறும் கேளுங்கள், நெருக்கமான வாதம் உள்ள புத்தகத்தைக் கண்ணால் படியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. போனை அணைத்துப் பையில் போடாதீர்கள், வேறு அறையில் வையுங்கள். அதை எடுக்க எழுந்து நடக்க வேண்டியிருந்தால் அந்த நடையிலேயே பாதித் தடவை புத்தி வந்துவிடும். இருபது நிமிடம் போதும். அதில் முதல் ஏழெட்டு நிமிடம் நன்றாக இருக்காது, இதைத் தெரிந்துகொண்டே உட்காருங்கள். கண் தாவும், மனம் வேறு வேலையை நினைவூட்டும், இந்தப் புத்தகம் வேண்டாம் என்று சொல்லும். அந்த நேரத்தில் எழுந்துவிடுகிறவர்கள்தான் "பத்துப் பக்கம் தாண்டவில்லை" என்று சொல்கிறார்கள். முதல் பக்கத்தை மட்டும் வாய்விட்டு, தாழ்ந்த குரலில் படித்துப் பாருங்கள். நாக்கால் மேய முடியாது; கண் வேறு வழியில்லாமல் அதன் நடைக்கு இறங்கிவரும். விரலை வரிக்கு அடியில் ஓட்டுவது குழந்தைத்தனமாகத் தோன்றினால் ஒரு தாளை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். நான் இன்றும் செய்கிறேன்.

எந்தப் புத்தகம் என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். விட்டதைப் பிடிக்கும் வேகத்தில், படித்தே தீர வேண்டும் என்று ஊர் சொல்லும் தடித்த புத்தகத்தை எடுக்கிறார்கள். வேண்டாம். இருபது வயதில் உயிராக நேசித்த ஒன்றைத் திரும்பப் படியுங்கள். ஆட்கள் தெரிந்தவர்கள், கதை தெரியும். அடுத்து என்ன என்ற அவசரம் இல்லாததால் வரிகளில் நிற்க முடியும். இல்லையென்றால் சிறுகதை, ஒரு அமர்வில் ஒன்று. முடித்தோம் என்கிற நிறைவு தினமும் கிடைக்கும். பழைய புத்தகம் இப்போது பிடிக்கவில்லை என்றால் அதற்காகவும் வருந்த வேண்டாம். 46 வயதில் உங்களுக்குக் கட்டுரையோ வரலாறோ பிடிக்கத் தொடங்கியிருக்கலாம், இருபது வயது ஆளின் ருசியை வைத்துக்கொண்டு அலமாரியைத் தேடினால் எதுவும் அகப்படாது. ஐம்பது பக்கம் நிதானமாகப் படித்தும் ஒட்டவில்லை என்றால் மூடிவைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

நேரத்தை ஏற்கனவே இருக்கிற ஒரு வேலையின் வாலில் கட்டுங்கள். இரவு கதவைத் தாழ்போட்டதும், காலையில் குளித்து முடித்ததும், எதுவானாலும் தினமும் அதே வேலை. லண்டனில் பிலிப்பா லாலி நடத்திய ஆய்வில் ஒரு புதுச் செயல் பழக்கமாகப் படிய நடுவாந்திரமாக 66 நாள் ஆனது, ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை விரிந்திருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பெரிதாக எதுவும் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே ஒரு நாள் தவறினால் "எல்லாம் போச்சு" என்று விட்டுவிடாதீர்கள்.

வருடத்துக்கு ஐம்பது புத்தகம் என்பதுபோல இலக்கு வைத்துக்கொள்வதை நான் ஆதரிப்பதில்லை. எண்ணத் தொடங்கியதும் மெல்லிய புத்தகமாகத் தேடுவோம், வேகமாகப் புரட்டுவோம். எதை விட வேண்டும் என்று பாடுபடுகிறோமோ அதுவே பின்வாசல் வழியாக வந்துவிடும். வேக வாசிப்புப் பயிற்சிக்கும் பணம் கட்டாதீர்கள். கீத் ரேய்னரும் சக ஆய்வாளர்களும் 2016இல் இதையெல்லாம் அலசி, புரிதலை இழக்காமல் வேகத்தை இரண்டு மூன்று மடங்காக்கும் வித்தை எதுவும் இல்லை என்று எழுதினார்கள். ஆங்கிலத்தில் கதையல்லாத எழுத்தை மௌனமாகப் படிக்கும் வேகம் சராசரியாக நிமிடத்துக்கு 238 சொல் என்று 2019இல் ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. தமிழில் ஒரே சொல்லில் உருபும் விகுதியும் ஒட்டி நீள்வதால் எண்ணிக்கை அதைவிடக் குறைவாகத்தான் வரும். நீங்கள் மெதுவாகப் படிப்பதாக நினைத்தால், அனேகமாகச் சரியாகப் படிக்கிறீர்கள்.

முதல் வாரம் சுகமாக இருக்காது. இரண்டாவது வாரத்தில் ஏதோ ஒரு நாள் இருபது நிமிடம் முடிந்தது தெரியாமல் போகும், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் இப்படிச் செய்தும் பத்தாவது பக்கத்திலேயே நின்றால் திரும்ப எழுதுங்கள். எந்தப் புத்தகம், நாளில் எந்த நேரம், எந்த வரியில் எழுந்து போனீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள். அந்த வரியிலிருந்து பேசலாம்.